கேட் போட்டிருக்கும் நேரம்

கொருக்குப்பேட்டை கேட் போட்டால்
இருபது நிமிஷம் என் கடை நிறையும்.
ஜெராக்ஸ் வேண்டாதவர்களும் படியேறி
ஃபேனுக்குக் கீழே நிற்பார்கள்.
திரையைப் பார்ப்பார்கள்.
"இன்னாக்கா, உன் கம்ப்யூட்டரு வேற மாரி கீது?"

ஆளுக்கொரு காரணம் வைத்திருக்கிறேன்.

மளிகைக்கடை செல்லத்துரைக்கு, காசு.
"ஓசி அண்ணாச்சி" என்றால் போதும்,
மேற்கொண்டு கேட்க மாட்டார்.
திருட்டு சிடி காலத்தில்
கம்பெனி ஆளும் கான்ஸ்டபிளும் வந்து
பக்கத்துக் கடை சிபியூவை
பிள்ளையைத் தூக்குவதுபோல்
ஸ்கூட்டரில் அணைத்துக்கொண்டு போனதை
அவரும் பார்த்தவர்தான்.

நிலக்கரி லாரிக்குத் தார்ப்பாய் கட்டும்
பிரான்சிசுக்கு வேறு விதமாகச் சொன்னேன்.
தண்ணி லாரி வந்தால் உங்கள் தெருவில் அடிதடி.
நான் ஒரு குடம் பிடித்தால்
உனக்கு ஒரு குடம் குறையும்.
இது பிடிக்கப் பிடிக்கக் குறையாத லாரி.
என் குடத்திலிருந்து நீ பிடிக்கலாம்,
உன் குடத்திலிருந்து உன் மச்சான்.
எங்கே ஒழுகுகிறது என்று
யார் வேண்டுமானாலும் கழற்றிப் பார்க்கலாம்.

கொஞ்சம் யோசித்தான்.
"அப்போ லாரிக்காரனுக்கு யாருக்கா சம்பளம் தர்றது?"

நல்ல கேள்வி. முழுசாகத் தெரியாது.
எங்கோ யாரோ ராத்தூக்கம் கெட்டு எழுதுகிறார்கள்.
பெரிய கம்பெனிகளும் எழுதுகின்றன,
புண்ணியத்துக்கு இல்லை.

சங்கத்து மாசிலாமணி
உழைப்பு, உடைமை என்று
என் காரணத்தை எனக்கே விளக்குவார்.
தப்பில்லை. தலையாட்டுவேன்.
ஆனால் அவர் நோட்டீசில்
'பாக்கியைக் கொடு' என்ற இடத்தில்
கொம்பு ஒரு வரியிலும்
கால் அடுத்த வரியிலும் விழுகிறது.
இரண்டு வாரமாய் அந்த பிரிண்டரோடு மல்லுக்கட்டு.
டிஜிட்டல் கையெழுத்து வேலையெல்லாம்
எதிர்க்கடைக்குப் போய்விட்டது.
மாசம் ரெண்டாயிரம் நஷ்டம்.
செல்லத்துரையிடம் இதைச் சொல்வதில்லை.

யாரிடமும் சொல்லாதது ஒன்று.

தண்டையார்பேட்டையில் குடித்தனம் இருந்தபோது
நான் தட்டிய ஒவ்வொரு எழுத்தும்
ராத்திரி பத்து மணிக்கு
ஜெரால்டின் போனுக்குப் போயிருக்கிறது.
தங்கைக்கு எழுதியது.
வேலைக்கு விண்ணப்பித்தது.
தேடிப் படித்த சட்டப்பிரிவு.
எழுதி அழித்ததும்கூட.
ஒருநாள் சோறு பிசைந்துகொண்டே
வரி பிசகாமல் ஒப்பித்தான்.
"உன் நல்லதுக்குத்தான்" என்றான்.

பிரிந்து வந்து தவணையில் வாங்கிய லேப்டாப்
முதல்நாள் ஒளிர்ந்ததும் சொன்னது:
உங்கள் அனுபவத்தை மேம்படுத்த
சில தகவல்களை அனுப்பிக்கொள்கிறோம்.
ஒரு பொத்தான்: சரி.
இன்னொன்று: பிறகு.
வேண்டாம் என்பதற்குப் பொத்தான் இல்லை.

படாரென்று மூடினேன்.
கை நடுங்கியது, வெறும் மிஷினுக்கு.

அதற்கப்புறம்தான் இதெல்லாம்.
மூன்று தடவை ஏற்றி, மூன்று தடவை படுத்து,
நெட் வராமல் ரெண்டு நாள் அழுது.
இப்போது கருப்புத் திரையில் ஒரு வரி தட்டினால்
உள்ளே என்னென்ன ஓடுகிறதென்று
வரிசையாய்ச் சொல்கிறது.
பாதி புரியாது.
புரியாத பேரையெல்லாம் நிறுத்திப் பார்ப்பேன்.
ஒரு தடவை திரையையே நிறுத்திவிட்டேன்.
திட்டாமல் திரும்ப எழுந்தது.

அதற்குள்தான்
நாற்பத்தொரு ஒப்பந்தத் தொழிலாளர்களின்
பெயர்ப்பட்டியலும் தூங்குகிறது.
துறைமுகத்து மேஸ்திரி கைக்குப் போனால்
நாற்பத்தொரு அடுப்பு அணையும்.
மாசிலாமணி ஒரு சாவி, நான் ஒரு சாவி.

கூட்ஸ் வண்டி கடைசிப் பெட்டியும் போய்விட்டது.
"எனக்கும் ஒரு குடம் போட்டுக் குடுக்கா"
பிரான்சிஸ் பென் டிரைவை நீட்டுகிறான்.
உள்ளே அவன் கல்யாண வீடியோ.
அழித்தால்தான் இடம் வரும்.

கேட் தூக்கிவிட்டார்கள்.
ஹாரன்களுக்கு நடுவே
"அழிக்கட்டுமா?" என்று கேட்டுவிட்டு
அவன் பதிலுக்குக் காத்திருக்கிறேன்.